60, 100, 180, 240 ஹெர்ட்ஸ்: கோடிங், எடிட்டிங், கேம் மூன்றுக்கும் எந்த மானிட்டர் சரி?

நெல்லைபிட்ஸ் (கேள்வி)

வணக்கம். இப்போது இருப்பது 22 இன்ச், 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். மாற்றலாம் என்றிருக்கிறேன். பட்ஜெட் 16,000 ரூபாய். நியாயமான காரணம் இருந்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

சிஸ்டம்: ரைசன் 5 5600, ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. பகலில் ஆபீஸ் லேப்டாப்பையும் இதே மானிட்டரில் மாட்டுவேன். அதில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யுஎஸ்பி-சி உண்டு.

பகல் முழுக்க கோடிங். வார இறுதியில் கல்யாண வீடியோ எடிட்டிங், எல்லாமே செகண்டுக்கு 25 ஃப்ரேம் (படம்) ஓடும் டைம்லைன். ராத்திரி வாலரன்ட், அவ்வப்போது பெரிய கதை கேம்கள். கிரிக்கெட், சினிமா பார்ப்பதும் இதில்தான்.

பார்த்து வைத்திருப்பவை (ஐபிஎஸ், விஏ என்பவை இரண்டு வகைப் பேனல்கள்): 24 இன்ச் 1080பி ஐபிஎஸ் 100 ஹெர்ட்ஸ், 24 இன்ச் 1080பி ஐபிஎஸ் 180 ஹெர்ட்ஸ், 27 இன்ச் 1080பி வளைந்த விஏ பேனல் 240 ஹெர்ட்ஸ். 100-க்கும் 180-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமா? 240 எடுத்து வைத்தால் பின்னால் கார்டு மாற்றும்போது உதவுமா? லேப்டாப்பில் எவ்வளவு கிடைக்கும்? கண் வலி குறையும் என்கிறார்களே, அது உண்மையா?


திரைக்கணக்கு

ஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து மானிட்டர் வாங்க வேண்டாம் நண்பரே. அது ஒரு உச்சவரம்புதான். திரை ஒரு செகண்டில் அதிகபட்சம் எத்தனை முறை புதுப் படம் வாங்கிக்கொள்ளும் என்பதை அது சொல்கிறது. உண்மையில் எத்தனை படம் வந்து சேர்கிறது என்பதை கார்டும் கேபிளும் போர்ட்டும் விண்டோஸ் செட்டிங்கும் தீர்மானிக்கின்றன. வந்த படம் பளிச்சென்று தெரிகிறதா, இழுபடுகிறதா என்பது பேனலின் கையில். இதில் எது பலவீனமோ, அந்த அளவுக்குத்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

அடுத்தது, ஹெர்ட்ஸை மில்லிசெகண்டாக மாற்றிப் பாருங்கள். 1000-ஐ ஹெர்ட்ஸால் வகுத்தால் ஒரு ஃப்ரேம் திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வரும். 60-க்கு 16.67. 100-க்கு 10. 144-க்கு 6.94. 180-க்கு 5.56. 240-க்கு 4.17. இப்போது தாவல்களைப் பாருங்கள்: 60-லிருந்து 100 போனால் மிச்சம் 6.67 மில்லிசெகண்டு. 100-லிருந்து 180 போனால் 4.44. 180-லிருந்து 240 போனால் வெறும் 1.39. எண் 60 கூடியிருக்கிறது, கிடைத்தது ஒன்றரை மில்லிசெகண்டுகூட இல்லை. கடைசித் தாவலுக்குக் கேட்கும் காசு பெரும்பாலும் அதற்குத் தகுந்ததல்ல.

கண்ணுக்குத் தெரியும் மங்கலையும் இதே கணக்கில் பிடிக்கலாம். 1920 பிக்சல் அகலத் திரையை ஒரு பொருள் இரண்டு செகண்டில் கடக்கிறது என்று வையுங்கள், அதாவது செகண்டுக்கு 960 பிக்சல். கண் அதைத் தொடர்ந்து நகர்கிறது. படமோ அடுத்த ஃப்ரேம் வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த இடைவெளிதான் மங்கலாகத் தெரிகிறது. 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல், 100-ல் 9.6, 180-ல் 5.3, 240-ல் 4. கோடு எடிட்டரில் சாதாரண எழுத்தளவில் ஓர் எழுத்து ஏறக்குறைய 8 பிக்சல் அகலம். நீளமான ஃபைலை ஸ்க்ரோல் செய்யும்போது 60 ஹெர்ட்ஸில் எழுத்து குழம்புவதும் 100-க்கு மேல் ஓடும்போதே ஃபங்ஷன் பெயர் படிக்க முடிவதும் இதனால்தான். அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: தெரியும். 60-லிருந்து 100 போனதும் யாருக்கும் தெரியும். 100-லிருந்து 180 வாலரன்டில் தெளிவாகத் தெரியும், கோடிங்கில் கொஞ்சம் தெரியும்.

கார்டு விஷயம். ஆர்எக்ஸ் 6600 என்பது 1080பி கார்டு. வாலரன்டில் உங்கள் பிராசசரோடு 200 ஃப்ரேமுக்கு மேல் போகும், 180 ஹெர்ட்ஸ் முழுசாகப் பயன்படும். பெரிய கதை கேம்களில் ஹை செட்டிங்கில் பெரும்பாலும் 60 முதல் 100 ஃப்ரேம்வரைதான். அங்கே 180, 240 எண்களுக்கு வேலையே இல்லை. அங்கே உதவுவது ஃப்ரீசிங்க்.

ஃப்ரீசிங்க் இல்லாத திரை தன் தாளத்தை மாற்றாது. கேம் 70 ஃப்ரேம் கொடுத்து, திரை 100 முறை புதுப்பித்தால் சில ஃப்ரேம் ஒரு தரம், சில ஃப்ரேம் இரண்டு தரம் நிற்கும். ஓட்டம் தட்டித் தட்டிப் போகும். பாதி புதுப்பிப்பில் அடுத்த ஃப்ரேம் நுழைந்தால் படம் குறுக்கே கிழியும். ஃப்ரீசிங்க் இருந்தால் ஃப்ரேம் தயாராகும்வரை திரை காத்திருக்கும். ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு, பலர் அதைப் பார்ப்பதில்லை. 48 முதல் 180வரை என்று போட்டிருந்தால், கேம் 40 ஃப்ரேமுக்கு இறங்கினாலும் டிரைவர் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு தரம் அனுப்பித் திரையை 80-ல் ஓட்டிச் சமாளிக்கும். இதற்கு, வரம்பின் மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும், இரண்டரை மடங்கு இருந்தால் நிச்சயம். 48 முதல் 75வரை உள்ள பழைய மாடல்களில் இந்த வழி கிடையாது. 48-க்குக் கீழே போனதும் திக்கல் திரும்ப வந்துவிடும். 48 முதல் 100 என்பது எல்லைக்கோட்டில் நிற்கிறது. வாங்கும் மாடலின் ஃப்ரீசிங்க் வரம்பைக் கம்பெனித் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு: 24 இன்ச் ஐபிஎஸ் 180.


பேனல்_பார்வை

மேலே சொன்ன கணக்கோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் மூன்றாவது மானிட்டர் அதில்தான் அடிபடுகிறது. மங்கல் கணக்கு எல்லாமே பிக்சல் உடனே நிறம் மாறுகிறது என்று எடுத்துக்கொண்டு போட்டது. உண்மையில் அப்படி மாறாது. 240 ஹெர்ட்ஸில் அடுத்த ஃப்ரேம் 4.17 மில்லிசெகண்டில் வந்துவிடும். அதற்குள் பிக்சல் பழைய நிறத்திலிருந்து புது நிறத்துக்குப் போயாக வேண்டும். விலை குறைந்த விஏ பேனல்களில் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்குப் போகவே 20 மில்லிசெகண்டுக்கு மேல் ஆவது உண்டு. அதாவது ஒரு மாற்றம் முடிவதற்குள் நான்கைந்து ஃப்ரேம் வந்து போய்விடும். இருட்டுக் காட்சியில் கேமராவைத் திருப்பினால் தூண், மரம் எல்லாவற்றுக்கும் பின்னால் மை ஒழுகியதுபோல் கறுப்பு வால் ஓடும். டார்க் தீமில் கோடு எழுதி ஸ்க்ரோல் செய்பவருக்கும் அதே தொந்தரவு.

விஏ பேனலை ஒட்டுமொத்தமாகக் குறை சொல்லவில்லை. அதன் கான்ட்ராஸ்ட் 3000:1 சுமார், ஐபிஎஸ்ஸில் 1000:1 சுமார். விளக்கை அணைத்துவிட்டு சினிமா பார்க்க விஏ நன்றாக இருக்கும். ஆனால் 240 என்ற எண்ணுக்காக விலை குறைந்த விஏ எடுப்பது அர்த்தமில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் "1 மில்லிசெகண்டு" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அது இரண்டு விதமான அளவில் ஏதோ ஒன்று. ஜிடிஜி என்றால் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரம். பெரும்பாலும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து, மிக வேகமாக மாறும் ஒரு ஜோடியை எடுத்துச் சொல்லும் எண். எம்பிஆர்டி என்றால் பின்விளக்கை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அணைத்து அணைத்துப் போட்டுப் பெறும் எண். அந்த மோடைப் போட்டால் வெளிச்சம் நன்றாகக் குறையும், பெரும்பாலான மாடல்களில் ஃப்ரீசிங்க் அணைந்துவிடும், கண் கூசும்.

ஓவர்டிரைவ் பற்றி: மெனுவில் "நார்மல், ஃபாஸ்ட், ஃபாஸ்டஸ்ட்" என்று மூன்று நிலை இருக்கும், பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிக்சலுக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கொடுத்துத் தள்ளும் வேலை அது. அளவுக்கு மீறினால் குறி தாண்டிப் போய்த் திரும்பி வரும். நகரும் பொருளுக்குப் பின்னால் வெள்ளை ஒளிவட்டமாகத் தெரிவது அதுதான். 180-ல் சரியாக இருக்கும் ஓவர்டிரைவ் ஃப்ரீசிங்கில் 60-க்கு இறங்கும்போது அதிகமாகிவிடும். நடு நிலையில் வைத்துவிடுங்கள். உச்ச நிலை கடையில் விற்கத்தான்.

27 இன்ச்சில் 1080பி-யும் உங்களுக்கு வேண்டாம். இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்து ஓரமெல்லாம் பிசிறும். 24 இன்ச்சில் 92. நாள் முழுக்கக் கோடு படிப்பவருக்கு இந்தப் பத்து பெரிய விஷயம்.


தாமிரக்கம்பி

போர்ட், கேபிள் பகுதியை நான் சொல்கிறேன். "144 வாங்கினேன், 60தான் காட்டுது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் முடியும்.

தேவையான அலைவரிசையை நீங்களே கணக்குப் போடலாம்: அகலம் × உயரம் × ஹெர்ட்ஸ் × 24 பிட். வரும் விடையோடு சுமார் 10 சதவீதம் சேருங்கள், ஃப்ரேம்களுக்கு நடுவே வரும் வெற்று நேரத்துக்கு. 1920 × 1080 × 180 × 24 என்றால் செகண்டுக்கு 8.96 ஜிகாபிட், சேர்த்தால் 10-ஐ ஒட்டி வரும். எச்டிஎம்ஐ 1.4-ல் உருப்படியாகப் போவது 8.16 ஜிகாபிட். எனவே அதில் 180 போகாது. 120 தாராளமாகப் போகும், 144 சில கருவிகளில் போகும். எச்டிஎம்ஐ 2.0-ல் 14.4, அதில் 1080பி 240கூடப் போகும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல் 17.28, 1.4-ல் 25.92.

உங்கள் ஆர்எக்ஸ் 6600-ல் எச்டிஎம்ஐ 2.1-ம் டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ம் இருப்பதால் கார்டு பக்கம் கவலை இல்லை. மானிட்டர் பக்கம்தான் பார்க்க வேண்டும். பல 180 ஹெர்ட்ஸ் மாடல்களில் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மட்டுமே 180. எச்டிஎம்ஐ வழியாக 144 அல்லது 120. இதை மேனுவலில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். எனவே பிசிக்கு டிஸ்ப்ளேபோர்ட், லேப்டாப்புக்கு எச்டிஎம்ஐ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேபிளைக் கார்டின் பின்பக்கம் மாட்டுங்கள், மதர்போர்டில் அல்ல. ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டு போர்ட்டில் மாட்டினால் படமே வராது.

லேப்டாப் பழைய மாடலாக எச்டிஎம்ஐ 1.4 இருந்தாலும் 1080பி 120 கிடைக்கும். கோடிங்குக்கு அது போதும் போதும். 60-க்கு மேல் காட்டவில்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்கும் முன்னால் விண்டோஸ் கீயும் பி-யும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். "டூப்ளிகேட்" மோடில் இருந்தால் லேப்டாப் திரையும் மானிட்டரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். லேப்டாப் திரை 60 என்றால் மானிட்டரும் 60-க்கு இறங்கிவிடும். "எக்ஸ்டெண்ட்" அல்லது "செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி" போட்டதும் மேலே உள்ள எண்கள் பட்டியலில் வந்துவிடும்.

யுஎஸ்பி-சி வழியாகப் போவதென்றால் ஹப் வாங்காதீர்கள், யுஎஸ்பி-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட் போகும் ஒரே கேபிள் வாங்குங்கள். அந்தப் போர்ட்டில் நான்கு வேகப் பாதைகள் உண்டு. நேர் கேபிள் நான்கையும் படத்துக்கு எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி 3 போர்ட் உள்ள ஹப் பெரும்பாலும் இரண்டைப் பென்டிரைவுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ஒதுக்கிவிடும். மீதி இரண்டில், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில், 8.64 ஜிகாபிட்தான். அதில் 1080பி 144 இடித்துப் பிடித்துப் போகும், 180 போகாது. இன்னொன்று: எல்லா யுஎஸ்பி-சியும் படம் அனுப்பாது. போர்ட் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட் மின்னல் சின்னமோ இருக்கிறதா பாருங்கள். சின்னம் இல்லையென்றால் லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டுக் கம்பெனித் தளத்தில் சரிபாருங்கள்.

பெட்டியோடு வரும் கேபிளையே முதலில் பயன்படுத்துங்கள். வேறு வாங்கினால் இரண்டு மீட்டருக்குள். அவ்வப்போது திரை ஒரு செகண்டு கறுத்து மீள்வது, வெள்ளைப் புள்ளிகள் மினுக்குவது இரண்டும் கேபிள் தாக்குப்பிடிக்கவில்லை என்பதன் அடையாளம். மட்டமான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் 20-ஆம் பின்னை இரண்டு முனையிலும் இணைத்துவிடுவார்கள். அது இணைக்கப்படக் கூடாத பின். மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் ஏறி, பிசி அணைத்த பிறகும் விளக்கு எரிவது, ஆன் ஆகாமல் அடம்பிடிப்பது என்று வினோதக் கோளாறெல்லாம் வரும்.


வெட்டுமேசை

25 ஃப்ரேம் டைம்லைன் என்று சொன்னதால் இதை எழுதுகிறேன். மேலே யாரும் தொடவில்லை.

வீடியோவுக்கு உயர்ந்த எண் முக்கியமில்லை, மீதியில்லாமல் வகுபடும் எண் முக்கியம். நம் ஊர் ஒளிபரப்பு 25, 50 கணக்கு. சினிமா 24. போன் வீடியோ 30, 60. 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 ஃப்ரேம் வீடியோ ஓட்டினால் ஒரு ஃப்ரேமுக்கு 2.4 புதுப்பிப்பு வருகிறது. பாதிப் புதுப்பிப்பு என்று ஒன்று இல்லாததால் சில ஃப்ரேம் இரண்டு தரம், சில மூன்று தரம் நிற்கும். மணமேடையை மெதுவாகப் பேன் செய்த ஷாட்டை ஓட்டிப் பாருங்கள், பின்னால் இருக்கும் பூ அலங்காரம் சீராக நகராமல் விட்டுவிட்டு இழுக்கும். ஷாட்டில் கோளாறு என்று நினைத்து ஸ்டெபிலைசர் எஃபெக்ட் போட்டு, இருந்த நல்ல ஷாட்டையும் கெடுப்பார்கள். 100 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக நான்கு தரம். ஓட்டம் அப்படியே வரும்.

கிரிக்கெட்டும் இதே கதைதான். 50 ஃப்ரேம் ஒளிபரப்பை 60 ஹெர்ட்ஸில் பார்த்தால் ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்று இரட்டிக்கும், செகண்டுக்குப் பத்து இடறல். பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓட, கேமரா அதோடு திரும்பும்போது விளம்பரப் பலகை எழுத்தைக் கவனித்தால் தெரியும். 100-ல் ஒவ்வொன்றும் இரண்டு தரம், சுத்தம்.

சினிமாவுக்கு 120 (ஐந்து தரம்) அல்லது 144 (ஆறு தரம்) சரி. 180-ல் 24-ஐப் போட்டால் ஏழரை. ஏழும் எட்டுமாக மாறி மாறி நிற்கும். ஆனால் வித்தியாசம் ஒரு புதுப்பிப்பு, அதாவது 5.56 மில்லிசெகண்டுதான். 60 ஹெர்ட்ஸில் இரண்டும் மூன்றுமாக வரும்போது வித்தியாசம் 16.67. எனவே 180-ல் வகுபடாவிட்டாலும் உறுத்தல் குறைவு. உயர்ந்த ரெஃப்ரெஷ் ரேட் வீடியோவுக்குத் தரும் உண்மையான லாபம் இதுதான்.

24, 25, 30 மூன்றுக்கும் மீதியில்லாமல் வகுபடும் முதல் எண் 600. அப்படி ஒரு மானிட்டரைத் தேடிப் போக வேண்டியதில்லை. 180 ஹெர்ட்ஸ் மானிட்டரின் பட்டியலில் 100, 120 இரண்டும் பெரும்பாலும் இருக்கும். எடிட்டிங்குக்கு உட்காரும்போது 100-க்கு மாற்றுங்கள், சினிமாவுக்கு 120. எம்பிவி, கோடி போன்ற பிளேயர்களில் வீடியோவுக்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்ளும் வசதி உண்டு: கோடி திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டையே மாற்றும், எம்பிவி ஆடியோ வேகத்தைக் கடுகளவு திருத்தித் திரையோடு ஒட்டவைக்கும். பிரவுசரில் பார்த்தால் இது எதுவும் நடக்காது, கையால்தான் மாற்ற வேண்டும்.

வாங்கும் முன் மேனுவலில் 100 என்ற நிலை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் 60, 120, 144, 180 என்று 100 இல்லாமலே வரும். ஏஎம்டி சாஃப்ட்வேரில் கஸ்டம் ரெசல்யூஷன் போட்டு 100 சேர்க்கலாம். பெரும்பாலான மானிட்டர் ஏற்றுக்கொள்ளும், எல்லாமே ஏற்கும் என்று சொல்ல முடியாது.


எழுத்தாணி

நான் ஒரு மாற்றுக் கருத்து வைக்கிறேன். கேள்வி கேட்டவர் பகல் முழுக்கக் கோடு எழுதுகிறார், ராத்திரி கொஞ்ச நேரம்தான் கேம். அப்படியிருக்க எல்லாரும் வாலரன்டை வைத்தே முடிவு சொல்வது நியாயமா? 27 இன்ச் 1440பி (2560 × 1440 பிக்சல்) ஐபிஎஸ் 100 ஹெர்ட்ஸ் மாடலைப் பாருங்கள். இன்ச்சுக்கு 109 பிக்சல். இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கலாம், 25 ஃப்ரேம் வீடியோ வகுபடும், கிரிக்கெட் வகுபடும். வாழ்நாள் முழுக்க எழுத்து படிக்கப் போகிற கண்ணுக்கு எழுத்தின் கூர்மைதான் பெரிது.


திரைக்கணக்கு

எழுத்தாணி சொல்வதில் பலம் இருக்கிறது, ஆனால் இரண்டு தடை. ஒன்று, 1440பி-யில் ஆர்எக்ஸ் 6600 கதை கேம்களில் மூச்சு வாங்கும். 1080பி-யை விட 78 சதவீதம் பிக்சல் கூடுதல். ஃப்ரேம் 40, 50-க்கு இறங்கும். அப்போது 48 முதல் 100 என்ற ஃப்ரீசிங்க் வரம்பின் அடிவிளிம்பில் நின்று ஆட வேண்டியிருக்கும். இரண்டு, லேப்டாப் பழையது என்றால் எச்டிஎம்ஐ 1.4-ல் 1440பி 75தான் நம்பி எடுக்கலாம்.

கேம் வாரத்துக்கு ஒரு நாள்தான் என்றால் எழுத்தாணி சொன்னதையே எடுங்கள், நானும் அதையே சொல்வேன். தினமும் வாலரன்ட் என்றால் 24 இன்ச் 180.


நெல்லைபிட்ஸ்

அனைவருக்கும் நன்றி. வாலரன்ட் தினமும் உண்டு, அதனால் 24 இன்ச் ஐபிஎஸ் 180 என்று முடிவு. டிஸ்ப்ளேபோர்ட்டில் 180, எச்டிஎம்ஐயில் 144, ஃப்ரீசிங்க் 48–180, 100 நிலையும் உண்டு என்று மேனுவலில் இருக்கிறது. வந்ததும் எதையெல்லாம் செட் செய்ய வேண்டும்? கண் வலிக் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.


பேனல்_பார்வை

கண் வலியை முதலில் முடித்துவிடுகிறேன். பழைய குழாய் மானிட்டர் காலத்தில் 60 ஹெர்ட்ஸ் என்றால் திரையே 60 தரம் அணைந்து எரியும். 75, 85-க்கு ஏற்றினால் கண்ணுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த அறிவுரைதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்சிடி-யில் 60 ஹெர்ட்ஸிலும் படம் அணைவதில்லை, அடுத்தது வரும்வரை நிற்கிறது. மினுக்கல் வந்தால் அது பின்விளக்கிலிருந்து வருவது: வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை வேகமாக அணைத்து அணைத்துப் போடும் முறை சில மாடல்களில் உண்டு. போன் கேமராவில் ஷட்டரை 1/1000-க்கு மேல் வைத்து, மானிட்டர் வெளிச்சத்தை 20 சதவீதத்துக்குக் குறைத்து, வெள்ளைத் திரையைப் படமெடுங்கள். கறுப்புப் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அந்த முறைதான். தெரியவில்லை என்றால் பிரச்சினை இல்லை.

ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து குழம்பாததால் 180-ல் களைப்பு கொஞ்சம் குறையலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை வெளிச்சத்தை இறக்குவது, கை நீட்டும் தூரத்தில் உட்காருவது, அவ்வப்போது தூரத்தில் உள்ள எதையாவது பார்ப்பது, இவைதான் நிஜமான உதவி. வலி தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் பவர் பாருங்கள்.


தாமிரக்கம்பி

செட் செய்யும் வரிசை இது. மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க்கை ஆன் செய்யுங்கள், ஓவர்டிரைவ் நடு நிலை. பிறகு விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. அங்கே "சூஸ் எ ரெஃப்ரெஷ் ரேட்" பட்டியலில் 180. விண்டோஸ் பல நேரம் தானாக 60-ல் விட்டுவிடும், இந்த ஒரு படியைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. பட்டியலில் 59.94, 60 என்று இரண்டும் தெரிந்தால் குழம்ப வேண்டாம், இரண்டுமே சரியான நிலைகள். அடுத்து ஏஎம்டி சாஃப்ட்வேரில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ஃப்ரீசிங்க் ஆன் என்று காட்டுகிறதா பாருங்கள்.

கேமுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. கதை கேம்களில் ஃப்ரேம் லிமிட் 175 வையுங்கள். 180-ஐத் தொட்டால் ஃப்ரீசிங்க் வரம்பை விட்டு வெளியே போய், விசிங்க் (திரையின் தாளத்துக்குக் கேமைக் காக்கவைக்கும் செட்டிங்) ஆன் என்றால் தாமதம், ஆஃப் என்றால் கிழிசல் வரும். வாலரன்டில் லிமிட் வைக்காமல் 200-க்கு மேல் ஓட விடுபவர்களும் உண்டு, மவுஸ் இன்னும் சற்று வேகமாகப் பதில் சொல்லும் என்பதற்காக. இரண்டையும் ஆடிப் பார்த்து எது பிடிக்கிறதோ வையுங்கள். முழுத்திரை கேம் சிலவற்றில் ரெஃப்ரெஷ் ரேட்டுக்குத் தனி செட்டிங் இருக்கும், அது 60-ல் நிற்கிறதா என்று பாருங்கள்.

பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரைப் பக்கத்தில் இரண்டாவதாக வைத்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். வேறு வேறு வேகத்தில் இரண்டு திரை ஓடும்போது சில கார்டுகளில் மெமரி க்ளாக் (கார்டின் மெமரி ஓடும் வேகம்) கீழே இறங்காது. சும்மா இருக்கும்போதே கார்டு சூடாகும். ஏஎம்டி சாஃப்ட்வேரில் சும்மா இருக்கும்போது மெமரி க்ளாக் உச்சத்திலேயே நின்றால் புது மானிட்டரை 120-க்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கிவிடும்.

கடைசியாக, ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் ஒரு சோதனை. சில மானிட்டர் 180-ல் ஓடுவதாகக் காட்டிக்கொண்டு நடுநடுவே ஃப்ரேமைத் தவறவிடும். டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் ஃப்ரேம் ஸ்கிப்பிங் சோதனை உண்டு. கட்டங்களில் ஒரு வெள்ளைச் சதுரம் ஓடும். மற்ற டேப் எல்லாவற்றையும் மூடிவிட்டு, போன் கேமராவில் ஷட்டரை 1/10 செகண்டுக்கு வைத்து, கை ஆடாமல் ஒரு படம் எடுங்கள். 180-ல் ஒன்றையொன்று ஒட்டியபடி சுமார் 18 சதுரம் தெரிய வேண்டும். நடுவில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் இருட்டாக இருந்தால் ஃப்ரேம் தவறுகிறது. கேபிளை மாற்றி ஒரு முறை, 144-க்கு இறக்கி ஒரு முறை எடுங்கள். கேபிள் மாற்றியும் 180-ல் இடைவெளி இருந்து, 144-ல் இல்லை என்றால், அந்தப் படங்களையே ஆதாரமாக வைத்து மாற்றித் தரச் சொல்லுங்கள்.